பழைய வீடியோ கேம்களை இன்று விளையாடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிவந்து இருபது, முப்பது வருடம் ஆன கேம்களை இன்றைய கணினியில் விளையாட நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் கணினியை மனதில் வைத்து எழுதியது. டிவியில் மாட்டி ஆடும் கேம்களைப் பற்றியும் கொஞ்சம் உண்டு.

எவ்வளவு பழசு என்றால் "பழைய கேம்"?

அளவுகோல் எதுவும் கிடையாது. இங்கே 1985இலிருந்து 2005 வரை வந்தவற்றைத்தான் அதிகம் பேசுகிறேன். கல்லூரி மாணவரைக் கேட்டால் 2013இல் வந்த ஜிடிஏ 5 கூடப் பழசு என்பார். அவர் கணக்கும் சரிதான்.

சின்ன வயதில் விளையாடியவர்களுக்கு ஓர் ஏக்கம் இருக்கும். அப்போது விளையாடாத எனக்கு இதில் என்ன இருக்கிறது?

ஏக்கத்தை நம்பி இறங்குகிறவர்கள்தான் சீக்கிரம் வெளியே வருகிறார்கள். தலைப்பு இசை கேட்கும், முதல் லெவல் வரும், "ஆமாம், இதேதான்" என்று அரை மணி நேரம் ஆடுவார்கள், மூடிவிடுவார்கள். அவர்கள் தேடி வந்தது அந்த வயதை, கேமை அல்ல. புதிதாக வருகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. கேம் நன்றாக இருந்தால் ஆடுவார், இல்லையென்றால் விடுவார். ஆடுபுலி ஆட்டத்தை எந்த வருடம் யார் கண்டுபிடித்தார்கள் என்று விசாரித்துவிட்டா உட்காருகிறோம்?

1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்த டூமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குதிக்க முடியாது. துப்பாக்கியை மேலே கீழே குறிபார்க்கவும் முடியாது. பக்கவாட்டில் திருப்பினால் போதும், உயரத்தை கேமே பார்த்துக்கொள்ளும். கேட்க குறைபாடு போலத் தெரியும். ஆனால் ஓர் அறைக்குள் நுழைகிறீர்கள் என்று வையுங்கள். இடப்பக்கம் துப்பாக்கிச் சிப்பாய்கள் மூன்று பேர், எதிரே மேடையில் நெருப்புருண்டை எறியும் இம்ப் ஒன்று, கையில் தோட்டா குறைவு. சுடாமல் ஓடிப்போய் இம்புக்கும் சிப்பாய்களுக்கும் நடுவில் நின்று, உருண்டை கிட்டே வரும்போது சட்டென்று விலகுங்கள். உருண்டை சிப்பாய் மேல் விழும். அடிபட்டவன் உங்களை மறந்துவிட்டு இம்பைச் சுட ஆரம்பிப்பான். நீங்கள் தூணுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, மிஞ்சியவரை மட்டும் முடித்தால் போதும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: ஒரு இம்பின் நெருப்பு இன்னொரு இம்பை ஒன்றும் செய்யாது, ஆனால் சிப்பாய்கள் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொள்வார்கள். யாரை யாரோடு மோத விடலாம் என்று யோசித்து ஆடும்போது அது வெறும் சுடும் விளையாட்டாக இருப்பதில்லை. இந்த விதி 1993இல் எவ்வளவு சுவையோ இன்றும் அவ்வளவே. கிராஃபிக்ஸ் பழசாகும், விதி பழசாகாது.

இன்னொரு வசதி: பழைய கேம் முடிந்துபோன வேலை. அடுத்த வாரம் விதியை மாற்ற மாட்டார்கள், தினமும் வந்து பரிசு வாங்கிக்கொள் என்று கூப்பிட மாட்டார்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்தில் இருக்கும்.

எதில் தொடங்கலாம்?

எளிதாக ஓட வேண்டும், இன்றைய கைக்குப் பழக வேண்டும் என்றால் என் சிபாரிசு: டூம், ஹாஃப் லைஃப், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. டூமும் டூம் 2உம் சேர்ந்த புதிய பதிப்பு 2024 ஆகஸ்டில் வந்தது. வாங்கி நிறுவினால் போதும். 1998இன் ஹாஃப் லைஃபுக்கு 25ஆம் ஆண்டையொட்டி 2023 நவம்பரில் அதை உருவாக்கிய வால்வ் நிறுவனமே ஒரு புதுப்பிப்பு கொடுத்தது, எனவே அகலத்திரையிலும் சண்டித்தனம் செய்வதில்லை. காசு செலவழிக்க மனமில்லை என்றால் ஸ்டார்கிராஃப்டின் அசல் 2017இலிருந்து இலவசம்.

கொஞ்சம் பொறுமை உள்ளவர்களுக்கு பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. 1989இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்து, அப்புறம் விண்டோஸுக்கு முந்திய டாஸுக்கு வந்தது. நம் ஊர் கம்ப்யூட்டர் வகுப்புகளில் ஆசிரியர் வெளியே போனதும் திறக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. இதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அதைச் சட்டம் சட்டமாகப் பார்த்து வரைந்தார். அதனால் இளவரசனுக்கு உடல் எடை இருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பவன் பொத்தானை விட்டவுடன் நிற்க மாட்டான். இரண்டு அடி சறுக்கித்தான் நிற்பான். அந்த இரண்டு அடிக்குள் குழி இருந்தால் கதை முடிந்தது.

பலர் முதல் லெவலிலேயே எரிச்சலாகி விடுவதற்குக் காரணம் ஷிஃப்ட் விசையைப் பற்றித் தெரியாததுதான். ஷிஃப்டை அழுத்தியபடி அம்பு விசையைத் தட்டினால் பார்த்துப் பார்த்து ஓரடி வைப்பான். விளிம்பு வந்தால் அங்கேயே நிற்பான். தரையிலிருந்து கிளம்பும் முட்களுக்கு நடுவிலும் அப்படி நடந்தால் கீறல்கூட விழாது. அதே முட்கள் மேல் ஓடினால் உடனே சாவு. விழும்போது ஷிஃப்டைப் பிடித்திருந்தால் எட்டும் தூரத்து விளிம்பைப் பற்றிக்கொள்வான். இது தெரிந்ததும் வேறு கேம் ஆகிவிடும். இத்தனை உயிர் என்ற கணக்கே கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம். ஆனால் மொத்தம் 60 நிமிடம்தான். நீங்கள் செத்தாலும் கடிகாரம் நிற்காது.

டாஸ் பதிப்பை அலசிப் பார்த்து ரசிகர்கள் திரும்ப எழுதிய எஸ்டிஎல்பாப் என்ற பதிப்பு இன்றைய விண்டோஸில் நேராக ஓடுகிறது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இன்னும் உயிரோடு இருக்கிறதா?

உயிரோடு மட்டுமா, 1999இல் இருந்ததைவிடப் பெரிதாக இருக்கிறது. ஒரு நாகரிகத்தை எடுத்து ஊர் கட்டிப் போர் செய்யும் இந்த கேமின் கதை மற்ற கேம்களுக்கு நடக்காத கதை, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009 ஜனவரியில் மூடப்பட்டது. கேமோ பிரவுசிங் சென்டர்களிலும் கல்லூரி விடுதிகளிலும் ஓடிக்கொண்டே இருந்தது. ரசிகர்கள் சிலர் சேர்ந்து புதிய நாகரிகங்களைச் சேர்த்து ஒரு விரிவாக்கம் செய்து இலவசமாக வெளியிட்டார்கள். 2013இல் எச்டி பதிப்பு வந்தபோது, அந்த ரசிகர்களின் விரிவாக்கமே அதிகாரப்பூர்வ விரிவாக்கமாக விற்பனைக்கு வந்தது. 2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷன். அதன் உருவாக்கத்திலும் அதே குழு இருந்தது. ரசிகர்களாக நுழைந்தவர்கள் வீட்டுக்காரர்கள் ஆனார்கள்.

2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கம் நமக்கு முக்கியம். அதுவரை "இந்தியர்" என்று ஒரே நாகரிகம்தான் இருந்தது. அது இந்துஸ்தானிகள் என்று பெயர் மாற, வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்று மூன்று புதியவை சேர்ந்தன. திராவிடர்களுக்கு உருமி வீசும் வீரன் தனிப்படை; திரிசடை என்று ஒரு பெரிய போர்க்கப்பல். குதிரை லாயத்தில் நைட் எனப்படும் கனத்த குதிரைப்படையே கிடையாது, எனவே வழக்கமாகக் குதிரையை நம்பி ஆடுகிறவர்கள் தடுமாறுவார்கள். காலாட்படையும் கப்பலும்தான் பலம். ராஜேந்திர சோழனின் கதையைச் சொல்லும் தனிப் போர்த்தொடரும் உண்டு. வேலையாளைத் தட்டினால் தமிழில் பதில் சொல்வான். முதல் தடவை கேட்கும்போது ஒரு சிரிப்பு வராமல் இருக்காது. வரலாற்றுப் பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விளையாட்டுக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டியதுதான்.

புதிதாக ஆடுகிறவர்கள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: வேலையாட்களை உருவாக்கும் நகர மையத்தைச் சும்மா விடுவது. ஆட்டம் தொடங்கும்போது 200 உணவு இருக்கும். ஒரு வேலையாளுக்கு 50 உணவும் 25 நொடியும் ஆகும். ஆக முதல் நான்கு பேரை உடனே வரிசையில் போட்டுவிட்டு, அவர்கள் பிறப்பதற்குள் பக்கத்தில் மேயும் ஆடுகளை மையத்துக்கே ஓட்டி வந்து அறுக்க வேண்டும், 25 மரத்துக்கு ஒரு வீடு என்று கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டின் கறி தீருவதற்குள் காட்டுப்பன்றி. ஒரு வேலையாளை அனுப்பி அம்பு விட்டால் பன்றி துரத்தும். அவன் மையத்துக்கு ஓடி வர, அங்கே நிற்கும் மற்றவர்கள் சேர்ந்து அடிப்பார்கள். ஒரு நொடி தாமதித்தால் ஆள் போய்விடுவான், கூடவே உங்கள் வேகமும். முதல் பத்து நிமிடத்தில் கத்தியே எடுப்பதில்லை, ஆனாலும் வியர்த்துவிடும். டெஃபினிட்டிவ் எடிஷனில் ஆர்ட் ஆஃப் வார் என்ற பயிற்சிப் பகுதி இதைத்தான் சொல்லித்தருகிறது. அதை முடித்துவிட்டு ஆன்லைனுக்குப் போங்கள். நேராகப் போனால் அடிதான்.

அலமாரியில் அசல் சிடி இருக்கிறது. போட்டால் ஓடவில்லை. என்ன செய்வது?

மூன்று காரணங்கள் பொதுவாக இருக்கும்.

ஒன்று, நிறுவும் நிரல் 16 பிட். 1990களின் நடுவில் வந்த பல கேம்கள் 32 பிட்டாக இருந்தாலும் அவற்றின் செட்அப் மட்டும் 16 பிட்டாக இருக்கும். 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது.

இரண்டு, திருட்டுக் காப்பியைத் தடுக்கப் போட்ட பூட்டு. சேஃப்டிஸ்க் என்ற பூட்டு விண்டோஸுக்குள் இருந்த ஒரு டிரைவரை நம்பியது. பாதுகாப்பு ஓட்டை என்று 2015இல் விண்டோஸ் 10 அதைக் கைவிட்டது. விளைவு: காசு கொடுத்து வாங்கியவரின் சிடி ஓடாது, பூட்டை உடைத்த காப்பி ஓடும். இதைவிட வேடிக்கை கேம் உலகில் குறைவு.

மூன்று, திரை. அசல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ஐ விண்டோஸ் 7இல் போட்டவர்களுக்கு இது நினைவிருக்கும்: புல்தரை ஊதா நிறத்தில் வரும். கேம் 256 நிறப் பட்டியலை வைத்து வரைகிறது. பின்னால் இருக்கும் டெஸ்க்டாப் அதே பட்டியலில் தன் நிறங்களை எழுதிவிடுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு ஆடுவது அன்றைய கைவைத்தியம். இன்று சிஎன்சி டிடிரா என்ற சிறு கோப்பை கேம் ஃபோல்டரில் போட்டால் இது போன்ற பல கேம்களின் நிறமும் அளவும் சரியாகிவிடும்.

மூன்றோடும் மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால் ஜிஓஜி கடையில் அதே கேம் இருக்கிறதா என்று பாருங்கள். 2008இல் போலந்தில் பழைய கேம்களுக்காகவே தொடங்கியது. பூட்டு எதுவும் இல்லாத செட்அப் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளலாம், பிறகு இணையம் தேவையில்லை. சலுகை நேரத்தில் பல கேம்கள் ஒரு பிரியாணி விலைக்குக் கீழே வரும். நான் அசல் சிடி வைத்திருக்கும் கேமையே அங்கே மறுபடி வாங்கியதுண்டு. ஒரு சனிக்கிழமை முழுவதும் செலவழிப்பதைவிட அது லாபம்.

டாஸ் கேம் தலைதெறிக்க ஓடுகிறது. மெதுவாக்க முடியுமா?

அந்தக் காலத்து கேம்கள் சில, கணினியின் வேகத்தையே கடிகாரமாக வைத்துக்கொண்டன. அதற்காகத்தான் பழைய கேபினட்களில் டர்போ என்று ஒரு பொத்தான் இருந்தது. பெயர் டர்போ, வேலை பெரும்பாலும் கணினியை மெதுவாக்குவது. டாஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற நிரலில் கண்ட்ரோல், எஃப்11 சேர்த்து அழுத்தினால் வேகம் குறையும். கண்ட்ரோல், எஃப்12 ஏற்றும். ஆடிக்கொண்டே சரிசெய்யலாம்.

2000களின் கேம்களிலும் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் உண்டு. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் நொடிக்கு இத்தனை படம்தான் என்று கட்டுப்படுத்தும் ஃபிரேம் லிமிட்டர் என்ற அமைப்பை அணைத்தால் படம் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் நீச்சலும் வண்டியும் விசித்திரமாக நடந்துகொள்ளும். அதை அணைக்காமல் விடுங்கள்.

டிவி கேம் பெட்டியும் துப்பாக்கியும் பரணில் கிடைத்தன. எல்இடி டிவியில் வாத்து சுட முடியவில்லையே?

முடியாது. பெட்டியில் கோளாறு இல்லை. நம் ஊரில் விற்ற "9999 இன் 1" கேசட் பெட்டிகள் எல்லாம் ஜப்பானில் 1983இல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். அதன் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகும், வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியின் கண்ணில் அந்த வெளிச்சம் சரியான நேரத்தில் பட்டால் வாத்து விழும். பிக்சர் ட்யூப் டிவி அந்தக் கட்டத்தை உடனுக்குடன் வரையும். எல்இடி டிவி படத்தை வாங்கி, அளவு மாற்றி, பிறகு காட்டுகிறது. அதற்குள் கேம் "தப்பு" என்று முடிவு செய்து நாயைச் சிரிக்க வைத்துவிடும்.

மரியோ, கான்ட்ரா போன்றவை புதிய டிவியிலும் ஓடும். ஆனால் பொத்தானை அழுத்திச் சற்றுப் பொறுத்து மரியோ குதிக்கிறான் என்று தோன்றினால் டிவியின் அமைப்புகளில் கேம் மோடைப் போடுங்கள். பாதிப் பேர் அந்தத் தாமதத்தைத் தங்கள் கை மந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

படம் கட்டம் கட்டமாகக் கண்ணைக் குத்துகிறது. அப்போது இப்படியா இருந்தது?

இல்லை. அன்றைய ஓவியர்கள் பிக்சர் ட்யூபின் மங்கலைக் கணக்கில் வைத்து வரைந்தார்கள். 1991இன் சோனிக்கில் அருவி செங்குத்துக் கோடுகளாக வரையப்பட்டிருக்கும். அன்றைய மஞ்சள் வயரில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராகக் காட்சி தரும். இன்றைய மானிட்டரில் அது கோடு போட்ட திரைச்சீலை. பழைய கேம் பெட்டி போல நடிக்கும் எமுலேட்டர் நிரல்களில், பிக்சர் ட்யூபின் தோற்றத்தைக் கொண்டுவரும் சிஆர்டி ஷேடர் என்று ஒரு தெரிவு இருக்கும். அதைப் போட்டுப் பாருங்கள். கூடவே படத்தை அகலத்திரைக்கு இழுக்காமல் 4:3 விகிதத்திலேயே விடுங்கள். குண்டு மரியோவைப் பார்க்கச் சகிக்காது.

எமுலேட்டர் சட்டப்படி சரியா? யாரும் விற்காத கேமை இறக்கினால் தப்பா?

எமுலேட்டர் என்பது இன்னொரு கருவி போல நடிக்கும் நிரல். அதை எழுதுவதும் வைத்திருப்பதும் மட்டுமே குற்றமாகாது; 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சோனிக்கு எதிராக கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதற்காக எதுவும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. யூஸு என்ற ஸ்விட்ச் எமுலேட்டரை உருவாக்கியவர்கள் 2024 மார்ச்சில் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையைச் சாத்தினார்கள்.

கேம் கோப்புகள் வேறு விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்க்கிறது. உரிமை எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். ஆகவே "கைவிடப்பட்ட கேம்" என்று தளங்கள் போடும் பட்டம் சட்டத்தில் இல்லாத பட்டம். நீங்கள் முறையாக வாங்கிய பிரதியிலிருந்து சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்க அதே சட்டம் இடம் தருகிறது.

நியாயம் வேறு கதை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்று 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஆய்வு செய்து சொன்னது. விற்கவும் மாட்டேன், எடுக்கவும் கூடாது என்றால் ஆடுகிறவர் எங்கே போவார்? என் வழக்கம்: கடையில் கிடைத்தால் கடையில்தான்.

ரீமாஸ்டர், ரீமேக், அசல்: எது?

அசல் ஓடினால் அசல். ரீமாஸ்டர் பழைய சட்டகத்துக்குப் புது வண்ணம். ரீமேக் 2019இன் ரெசிடென்ட் ஈவில் 2 போலப் புதிதாகக் கட்டிய வேறு கேம்.

நல்ல ரீமாஸ்டருக்கு அடையாளம், அசலை மறைக்காமல் இருப்பது. 2024இல் வந்த டூம்ப் ரெய்டர் முதல் மூன்று பாகங்களின் ரீமாஸ்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் 1996இன் முக்கோண முகமும், மறுபடி தட்டினால் புதிய முகமும் மாறி மாறி வரும். கதாநாயகி லாராவைப் பழைய முறைப்படி டாங்கி மாதிரி திருப்புவதா, புதிய முறையா என்பதும் உங்கள் விருப்பம். மோசமான உதாரணம் 2021 நவம்பரின் ஜிடிஏ மூன்று கேம் தொகுப்பு. வந்த அன்று மழை பெய்தால் சாலை தெரியவில்லை, கடைப்பலகைகளில் எழுத்துப் பிழை, போதாக்குறைக்கு அசல் மூன்றையும் கடையிலிருந்து தூக்கிவிட்டார்கள். பின்னால் நிறையச் சரிசெய்தார்கள் என்றாலும், பழைய வைஸ் சிட்டி சிடி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போடாதீர்கள்.

எல்லாம் ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? சீட் கோட் போட்டால் தப்பா?

கஷ்டத்துக்கு இரண்டு காரணம். ஒன்று, காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களிலிருந்து வந்தவை. நீங்கள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த நாணயம் விழும். இரண்டு, இடம் இல்லை. 1985இன் சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அவ்வளவு சிறிய கேம் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் ஆளைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆட வைக்க வேண்டும்.

எனவே சீட் போடுங்கள், எமுலேட்டரில் நினைத்த இடத்தில் ஆட்டத்தைப் பதிந்துகொள்ளும் சேவ் ஸ்டேட் வையுங்கள். கான்ட்ராவின் 30 உயிர் கோடை அதை உருவாக்கிய கோனாமியே வைத்தது: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் முதல் லெவல் முடிந்ததும் கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தில் குறிப்பிட்ட சொல்லின் எழுத்தைக் கேட்டு, அந்த எழுத்துள்ள மருந்தைக் குடிக்கச் சொல்லும். கையேட்டைக் கண்ணால் பார்க்காத நம் ஊர்ப் பிள்ளைகள் "பிரின்ஸ் மெகாஹிட்" என்று தட்டச்சு செய்து, ஷிஃப்டும் எல்லும் அழுத்தி அந்த அறையைத் தாண்டினார்கள்.

ஒரே ஒரு யோசனை: ஒவ்வொரு அடிக்கும் சேவ் ஸ்டேட் போடாதீர்கள், லெவலின் தொடக்கத்தில் மட்டும் போடுங்கள். தாவலுக்கு ஒரு சேவ் என்று ஆடினால் கேம் முடியும், கை ஒன்றும் கற்றிருக்காது. அப்புறம், கையேட்டைப் படியுங்கள். அன்று கதையும் விசைகளும் கேமுக்குள் இருக்காது, புத்தகத்தில்தான் இருக்கும். ஜிஓஜியில் வாங்கும் பல கேம்களோடு அது பிடிஎஃப்பாக வரும்.

கூட விளையாட ஆள் கிடைப்பார்களா?

கேமைப் பொறுத்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இலும் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6இலும் நடு இரவிலும் கிடைப்பார்கள். நிறுவனத்தின் சர்வரை நம்பியவை பல இறந்துவிட்டன. 2014 மே 31இல் கேம்ஸ்பை சேவை நின்றபோது ஏராளமான கேம்களின் ஆன்லைன் ஒரே நாளில் போனது. முதல் எக்ஸ்பாக்ஸின் சேவையை 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள். ஹேலோ 2 ஆடிக்கொண்டிருந்த சிலர், வெளியேறினால்தானே திரும்ப நுழைய முடியாது என்று பெட்டியை அணைக்காமலே வைத்திருந்தார்கள். கடைசி ஆள் விழுந்தது மே மாதம். 2014இல் வந்த தி க்ரூ 2024 மார்ச் 31இல் சர்வரோடு சேர்ந்து முழுக்க மறைந்தது. தனியாகக் கூட ஓட்ட முடியாது.

வீட்டுக்குள்ளேயே இரண்டு கணினியை இணைத்து ஆட நினைத்தால், 1990களின் கேம்கள் ஐபிஎக்ஸ் என்ற பழைய நெறிமுறையைக் கேட்கும்; விண்டோஸில் அது எப்போதோ போய்விட்டது. டாஸ் கேம் என்றால் டாஸ்பாக்ஸுக்குள்ளேயே அதற்கு வழி இருக்கிறது.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்த கேம்களில் புதிதாக ஏதாவது நடக்கிறதா?

நடக்கிறது. டூமின் மூலநிரல் 1997 டிசம்பரில் வெளியிடப்பட்டதால் ரசிகர்கள் இன்றுவரை லெவல் செய்துகொண்டிருக்கிறார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவே 2019இலும், கேமின் 30ஆம் பிறந்தநாளான 2023 டிசம்பர் 10இலும் புதிய தொகுப்புகளை வெளியிட்டார்.

டெட்ரிஸ் இன்னும் சுவாரசியம். 1989இன் நின்டெண்டோ டெட்ரிஸில் 29ஆம் லெவலில் கட்டைகள் விழும் வேகத்தைக் கை தொடவே முடியாது, அதுதான் முடிவு என்று நெடுநாள் நம்பினார்கள். பிறகு ஒரு புதிய பிடி வந்தது. கட்டை விரலைப் பொத்தான் மேல் லேசாக வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் கண்ட்ரோலரின் முதுகில் வரிசையாகத் தட்டுவது. விரல் பொத்தானை அழுத்துவதில்லை, பொத்தான் வந்து விரலில் முட்டுகிறது. 2023 டிசம்பர் 21இல் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் இந்த முறையில் 157ஆம் லெவல் வரை போய் கேமையே உறைய வைத்தான். கேமைவிட இருபது வயதுக்கு மேல் இளையவன்.

பத்து நிமிடத்திலேயே சலித்துவிட்டது. நான்தான் தவறாக ஆடுகிறேனா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். விசைகளை மாற்றிவிட்டு ஒரு மணி நேரம் கொடுங்கள். அன்றைய கணினி கேம்கள் பல அம்பு விசைகளைத்தான் எதிர்பார்க்கும், இன்றைய கைக்கு அது இடது கை எழுத்து. அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விடுங்கள். உலகமே கொண்டாடிய கேமாக இருந்தாலும் உங்களுக்குப் பிடித்தாக வேண்டும் என்று விதியில்லை. ரோட் ராஷில் பக்கத்து வண்டிக்காரனைச் சங்கிலியால் அடிப்பது எனக்கு இன்றும் இரண்டு பந்தயத்துக்கு மேல் தாங்காது.

லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. பரவாயில்லையா?

அசல் கேம்களுக்குத் தேவையே இல்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வந்தபோது கேட்டது 32 எம்பி ராம். டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு மட்டும் ஓரளவு நல்ல கணினி வேண்டும்.

சேவ் கோப்பைக் காணோம். எங்கே போயிருக்கும்?

பழைய கேம்கள் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே சேவ் செய்யும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவியிருந்தால், விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அங்கே எழுத விடாமல் அதைத் திருப்பிவிட்டு, உங்கள் பயனர் கணக்கின் ஆப்டேட்டாவில் லோக்கல் என்பதற்குள் விர்ச்சுவல் ஸ்டோர் என்ற ஃபோல்டரில் வைத்துவிடும். அங்கே பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். அடுத்த முறை சி டிரைவில் கேம்ஸ் என்று தனி ஃபோல்டர் போட்டு அதில் நிறுவுங்கள். வேறு கணினிக்கு மாறும்போது அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம்.

கேசட்டில் சேவ் ஆகும் கேம்பாய் போகிமான் வைத்திருப்பவர்கள் கவனிக்க: உள்ளே வட்ட பேட்டரி ஒன்று பற்றவைத்திருக்கும், அதன் ஆயுள் முடிந்தால் சேவும் போகும். கோல்டு, சில்வர் கேசட்களில் கடிகாரமும் ஓடுவதால் சீக்கிரமே தீரும். பேட்டரியைக் கழற்றும்போதும் சேவ் அழிந்துவிடும் என்பதால், மாற்றுவதற்கு முன்பே கேசட் ரீடரில் போட்டு சேவைக் கணினிக்கு எடுத்துவிடுங்கள். புதிய பேட்டரி வைத்த பிறகு அதையே திரும்ப ஏற்றலாம்.